பதினேழில் நின்ற வேலை

1963-ஆம் ஆண்டில் இலங்கைத் தீவு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் மொத்தம் 17 பேர். அவர்களிலும் 11 பேர் வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்திறங்கியவர்கள். மலேரியா அந்தத் தீவை எப்படி வதைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் அருமை புரியும். 1934-35-இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியபோது பரவிய கொள்ளைநோய் ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. 1946-இல்கூட ஒரே ஆண்டில் 27 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குளிர்காய்ச்சலில் படுத்தார்கள். அதன்பின் வீடு வீடாகச் சுவர்களில் டிடிடி தெளித்தார்கள், காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள். 17 ஆண்டு உழைப்பில் 17 நோயாளிகள் என்ற நிலை வந்தது. அத்தோடு நோய் போய்விட்டது என்று கருதித் தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1967-இல் மறுபடி மழை பொய்த்தது. இரத்தினக்கல் தோண்டும் பகுதிகளில் தலைகாட்டிய காய்ச்சல், அங்கே பிழைக்க வந்து ஊர் திரும்பியவர்களோடு நாடெங்கும் பரவியது. 1969-இல் நோயாளிகள் 5 லட்சத்துக்கும் மேல். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அந்தத் தீவில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளியைக் காண்பதற்கு 2012 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு பேர் மிச்சமிருந்தபோது விட்ட வேலையைத் திரும்ப முடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதை ஆரம்ப சூரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் துள்ளிவிட்டு ஓய்ந்தவர்கள் அல்லர் அவர்கள். மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நடந்தவர்கள். தொடக்கத்திலும் நடுவிலும் வராத தளர்ச்சி, முடிவுக்கு ஓரடி முன்னால் வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. நீண்ட வேலை எதையும் நாம் மன உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்வதில்லை. கண்ணெதிரே தெரியும் துன்பம் நம்மைத் துரத்துகிறது. செய்யச் செய்யக் குறையும் எண்கள் தெம்பு தருகின்றன. ஊர் பாராட்டுகிறது, பணம் வருகிறது. வேலை முடியும் தறுவாயில் இவை எல்லாம் ஒரே சமயத்தில் விலகிப்போகின்றன. நோயாளி கண்ணில் படுவதில்லை. எண்கள் இனிக் குறைய இடமில்லை. அதிகாரிகளுக்கு வேறு அவசரங்கள் வந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் வேலையோ இதுவரை செய்ததிலேயே கடினமானது. எளிதாக எட்டக்கூடிய ஊர்களெல்லாம் முன்பே முடிந்துவிட்டதால், எட்டாத ஊரும் ஒப்பாத வீடும் இடம்மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களும்தான் கடைசியில் நிற்கின்றன. ஆகவே கடைசிக் கட்டத்தை, முடித்த வேலையின் சின்ன வால் என்று எண்ணுவதே பிழை. அது வேறொரு வேலை. அதற்கு வேறு முறை, புதிய கைகள், வேறு வகையான அளவுகோல் வேண்டும். களைத்துப்போனவர்களைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதால் எந்தப் பெரிய வேலையும் முடிந்ததில்லை. களைப்பு வந்தே தீரும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்து, அது வரும் இடத்தில் தாங்குகோல் நட்டு வைத்தவர்களே முடித்திருக்கிறார்கள். காசநோயை ஒழிக்கப்போவதாக உறுதி எடுத்துக்கொண்டிருக்கும் நம் நாட்டுக்கு இது மிகவும் வேண்டிய பாடம் என்பதால் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இலங்கையில் நடந்தது இந்தியாவிலும் பெரிய அளவில் நடந்தது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1965 வாக்கில் நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். 1976-இல் அது 64 லட்சமாக ஏறியது. இரண்டு நாடுகளிலும் தளர்ச்சி மட்டுமே காரணம் என்று சொன்னால் உண்மைக்கு மாறாகும். கொசுக்கள் டிடிடிக்குப் பழகிக்கொண்டன, மருந்து தேவையான அளவு கிடைக்கவில்லை, வானமும் பொய்த்தது. ஆனால் இவை எல்லாம் எந்தத் திட்டத்துக்கும் வரக்கூடிய இடர்கள்தாம். காய்ச்சல் கண்டவரைத் தேடிப்போய் இரத்தம் எடுக்கும் ஆட்கள் களத்தில் இருந்திருந்தால், நூறில் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து லட்சத்தில் தெரிந்திருக்காது. கொசு பழகிக்கொண்டதை அறியவும் மாற்று மருந்துக்குப் போகவும் காலம் கிடைத்திருக்கும். தெளிப்பை நிறுத்தியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேடுவதை நிறுத்தியதுதான் பெரிய தவறு.

இதற்கு நேர்மாறான சான்று இளம்பிள்ளைவாதத்தை ஒழித்த கதை. போலியோவை 2000-க்குள் ஒழிப்பதென்று 1988-இல் உலக சுகாதார மாமன்றம் தீர்மானித்தது. இந்தியாவில் 1995-இல் நாடு தழுவிய சொட்டு மருந்து நாட்கள் தொடங்கின. 2000 கடந்தது, இலக்கு எட்டவில்லை. 2002-இல் இந்தியாவில் மட்டும் 1,600 குழந்தைகள் முடமானார்கள். கடுமையாக உழைத்து 2005-இல் அதை 66-க்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே 676. 2009-இல் 741, உலகின் மொத்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதி. ஒவ்வொரு சுற்றிலும் 25 லட்சம் பணியாளர்கள் 17 கோடிக் குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நாட்டில் நிலைமை இது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஒரே குழந்தைக்குப் பத்துத் தவணைக்கு மேலும் கொடுத்திருந்தார்கள், அப்படியும் போலியோ வந்தது. எத்தனை முறைதான் கொடுப்பீர்கள் என்று தாய்மார்கள் கேட்டார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, மற்ற நோய்க்கு மருத்துவர் இல்லை, இந்தச் சொட்டு மட்டும் மாதந்தவறாமல் வருகிறதே என்ற சந்தேகம் வளர்ந்து கதவுகள் சாத்தப்பட்டன. அந்தத் தாய்மார்களின் அலுப்பை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் இருந்தார்கள். வாய்வழிச் சொட்டு மருந்து நம்மூர்க் குழந்தைகளுக்கு மேலைநாட்டுக் குழந்தைகளுக்குத் தரும் அளவு பாதுகாப்பைத் தருவதில்லை, மூன்று தவணை போதாது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் நெடுங்காலம் முன்பே ஆய்வில் காட்டியிருந்தார். பிற்கால ஆய்வுகள் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணை தந்த பாதுகாப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்றன. நெருக்கமும் வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் சேர்ந்து மருந்தை வலுவிழக்கச் செய்தன. அதாவது பணியாளர்களின் சோம்பலோ மக்களின் பிடிவாதமோ மூலகாரணம் அன்று. தொடக்கத்தில் பலித்த முறை முடிவில் பலிக்கவில்லை. இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. நாட்டில் நோய் ஒட்டிக்கொண்டிருந்தது 107 வட்டாரங்களில். 66 உத்தரப் பிரதேசத்தில், 41 பீகாரில். அவற்றைத் தனியே பிரித்து அங்கே தண்ணீர், கழிப்பறை, வயிற்றுப்போக்குச் சிகிச்சை என்று சொட்டு மருந்தோடு சேர்த்து வேறு வேலைகளையும் தொடங்கினார்கள். 2010 ஜனவரியில் இரண்டு வகைக் கிருமிகளை மட்டும் குறிவைக்கும் புதிய சொட்டு மருந்து வந்தது. செங்கல் சூளைகளையும் ஓடும் ரயில்களையும் பேருந்து நிலையங்களையும் தேடிப்போய்க் கொடுத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட்ட வீட்டுச் சுவரில் ‘பி’, ஒரு குழந்தை விடுபட்டாலும் ‘எக்ஸ்’. எக்ஸ் போட்ட வீட்டுக்கு அடுத்தடுத்த நாட்களில் வேறு ஆட்கள் போனார்கள், பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். எத்தனை வீட்டில் கொடுத்தோம் என்ற கணக்கு, எத்தனை வீட்டில் விட்டோம் என்ற கணக்காக மாறியது. 2010-இல் 42 நோயாளிகள். 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தை. அதோடு முடிந்தது. 2014 மார்ச் 27-இல் சான்றிதழ் வந்தது.

முடித்தபின் திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நடுவில் நின்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. 2006-இல், இந்தியாவின் எண் 66-லிருந்து பத்து மடங்கான அதே ஆண்டில், இசாவோ அரிட்டாவும் உடன் ஆய்வாளர்களும் ‘சயன்ஸ்’ இதழில் போலியோ ஒழிப்பு நடக்கக்கூடியதுதானா என்ற கேள்வியை எழுப்பினார்கள். ஒழிப்பைக் கைவிட்டுக் கட்டுப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். இதைச் சொன்னவர் வெளியே நின்று குறை பேசியவர் அல்லர். பெரியம்மையை ஒழித்த உலகத் திட்டத்தை அதன் இறுதி ஆண்டுகளில் வழிநடத்தியவர். ஒரு நோய்க்காகக் கொட்டும் பணமும் ஆளும் வேறு நோய்களுக்குப் போனால் அதிக உயிர் பிழைக்குமே என்ற கவலை அதில் இருந்தது. அந்தக் கவலையை இன்றும் யாரும் அலட்சியமாகப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருந்தது. அடுத்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் கிம்பர்லி தாம்சனும் ராட்பவுட் டுயின்ட்ஜர் டெபன்ஸும் அதைப் போட்டுக் காட்டினார்கள்: நோயைக் குறைந்த எண்ணிக்கையிலேயே வைத்திருப்பதற்கும் ஆண்டுதோறும் பெரும் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும், செலவைக் குறைத்தால் எண்ணிக்கை ஏறும், ஏறியபின் இறக்கவும் செலவு. பாதியில் நின்று இளைப்பாறத் திண்ணை எதுவும் அந்த வழியில் கிடையாது. போலியோ கிருமி தொற்றிய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்குகிறது. நாம் காணும் ஒரு நோயாளிக்குப் பின்னால் காணாத நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். அதனால்தான் பாகிஸ்தானில் 2021-இல் ஒரே ஒரு நோயாளி என்று பதிவானதும் 2024-இல் அது 74 ஆனதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒன்றுக்கும் சுழிக்கும் நடுவே ஒரு மலை நிற்கிறது.

இப்போது நாட்டை விட்டு ஒரு தனி மனிதரின் உடம்புக்கு வருவோம். காசநோய்க்கு அரசு கொடுக்கும் சிகிச்சை, மருந்து பலிக்கும் சாதாரண வகைக்கு, ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் தணிகிறது, காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது, எடை ஏறுகிறது. இரண்டு மாதத்தில் பலர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த கிருமிகள் அந்த இரண்டு மாதத்தில் மடிந்துவிடுகின்றன. உறங்குவதுபோல் ஒடுங்கிக் கிடக்கும் சிறு கூட்டம் ஒன்று மிஞ்சுகிறது. மருந்து, பெருகும் கிருமியைத்தான் சுலபமாகக் கொல்லும். ஒடுங்கிக் கிடப்பதை ஒவ்வொன்றாகத் தீர்க்க மீதி நான்கு மாதம் வேண்டும். இலங்கையில் நடந்தது இங்கே நெஞ்சுக்கூட்டுக்குள் நடக்கிறது. துரத்திய துன்பம் மறைந்துவிட்டது; மிச்சமிருக்கும் எதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை; மாத்திரையின் குமட்டலும் மூட்டுவலியும் மட்டும் அன்றாடம் தெரிகின்றன. உடம்பு சரியாகத்தானே இருக்கிறது என்று மூன்றாம் மாதம் நிறுத்துகிறார். சில மாதங்களில் இருமல் திரும்புகிறது. விட்டு விட்டுச் சாப்பிட்டிருந்தால், மருந்துக்கு மசியாத கிருமியோடு திரும்பும் ஆபத்தும் சேர்கிறது. நெருப்பிலும் கடனிலும் மிச்சம் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வது காசநோய்க்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

அப்படியானால் ஆறு மாதத்தைக் குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். கேட்டார்கள், முயன்றார்கள். புதிய மருந்துகளைச் சேர்த்து நான்கு மாதத்தில் முடிக்க முடியுமா என்று மூன்று பெரிய ஆய்வுகள் நடந்து 2014-இல் முடிவுகள் வெளியாயின. சளியில் கிருமி விரைவாகவே மறைந்தது. ஆனால் நான்கு மாதத்தில் நிறுத்தியவர்களில் கூடுதலானோருக்கு நோய் திரும்பியது. மருத்துவர்களும் நோயாளிகளும் அலுத்துப்போவதற்கு எல்லா நியாயமும் இருந்த அந்த இடத்தில் ஆய்வாளர்கள் நிற்கவில்லை. வேறு மருந்துச் சேர்க்கையைத் தேடினார்கள். 2021-இல் ரிஃபாபென்டின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சை பலன் தருவதாக நிறுவினார்கள். மருந்துக்கு மசியாத காசநோய்க்கும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்த சிகிச்சை போய், ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024-இல் இந்தியா ஒப்புதல் தந்தது. வழியைச் சுருக்குவது வேறு, வழியின் நடுவே நின்றுவிடுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சுமையைக் குறைக்கும் வேலை விஞ்ஞானிக்கும் அரசுக்கும் உரியது; குறையும்வரை அதைச் சுமந்து முடிக்க நோயாளிக்குத் துணை வேண்டும்.

துணை என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். விடாமுயற்சியைப் பற்றிய பேச்சு நம்மிடையே எளிதாகக் குற்றம் சாட்டும் பேச்சாகிவிடுகிறது. நடுவில் மருந்தை விட்டவரை ‘டிஃபால்டர்’ என்று பதிவேட்டில் எழுதினார்கள், கடனைக் கட்டாதவரைச் சொல்வதுபோல. அந்தச் சொல் இப்போது கைவிடப்பட்டிருப்பது நல்லது; அதன் பின்னிருந்த எண்ணம் இன்னும் போகவில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாமல் அந்த மாத்திரைகளை விழுங்குவது எளிதான காரியமல்ல. தினக்கூலிக்காரர் மருந்து வாங்க அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போகிறது. 2024-இன் தொடக்க மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் காசநோய் மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்தது. அப்போது சிகிச்சையை இடையில் விட்டவர் யார்? குற்றம் சாட்டாமல் துணை நிற்பது எப்படி என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும், சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல உணவோடு கொடுத்தாலும் ஏறத்தாழ ஒரே பலன்தான் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு அந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். அதன் பின்னால் ஒரு விவரம் இருக்கிறது. அந்த நோயாளிகளை மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள், குடும்பத்தாரோடு பேசினார்கள். நல்லவர், கெட்டவர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோருமே மாத்திரையை மறப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டார்கள்.

அதே தெளிவு இன்று தேவைப்படுவது பணியாளர்களின் விஷயத்தில். பிறர் முடிக்கத் துணை நிற்பவர்களே களைத்துப்போனால் என்ன செய்வது? 2025-இல் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன்னால் ஆஷா பணியாளர்கள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியது நினைவிருக்கும். நிரந்தரச் சம்பளமாக இல்லாமல் ஊக்கத்தொகையாகப் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு புதிய இயக்கத்துக்கும் ஓடுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுவது மனச்சாட்சிக்கு ஒவ்வாது. வேலையை முடிக்க வேண்டும் என்ற என் வாதம், முடிக்கும்வரை இவர்கள் எப்படியாவது தாங்கிக்கொள்ளட்டும் என்பதாக ஒருபோதும் ஆகிவிடக் கூடாது. கடைசிக் கட்டம் வேறு வேலை என்று ஒப்புக்கொண்டால், அதற்கு வேறு கூலியும் வேண்டும். ஒரே ஆளைத் தேய்க்காமல் மாற்றி விடும் ஏற்பாடும் வேண்டும். பணியாளர்களைப்போலவே நோயாளிக்கும் தாங்குகோல் வேண்டும்; அவருக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 1,000 ஆனது நல்ல திருப்பம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததால் அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அரிசியும் பருப்பும் கொடுப்பது கருணை மட்டும் அன்று, மருத்துவமும்கூட. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோய் கண்டறிந்தவுடனே எடை, மூச்சு, எழுந்து நிற்கும் வலு ஆகியவற்றைப் பார்த்து, மிகவும் நலிந்தவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். யார் முதலில் விழுவார் என்று முன்கூட்டியே பார்க்கும் இந்த முறையை, யார் நடுவில் மருந்தை விடுவார் என்பதற்கும் விரிக்கலாம்.

தொடங்கிய எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. வேண்டியதில்லை. இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காகத் தவறான வேலையில் மேலும் பணத்தைக் கொட்டுவதை விடாமுயற்சி என்று சொல்ல மாட்டேன். நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: இன்று நிறுத்தினால் இதுவரை செய்தது நிற்குமா, கரையுமா? நூறு வகுப்பறை கட்டத் தொடங்கி அறுபதில் நிறுத்தினால் அறுபது வகுப்பறை நிற்கும். பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள். அறுபது நாளில் நிறுத்திய காசநோய்ச் சிகிச்சை அப்படி நிற்பதில்லை. தொடங்கிய இடத்துக்கும் பின்னால் கொண்டுபோய் விடக்கூடும். கரைந்துபோகிற வகை வேலையைத் தொடங்குமுன் நூறு முறை யோசிக்கலாம். தொடங்கியபின் நிறுத்துவது பற்றி யோசிக்க நமக்கு உரிமை குறைவு. முறையை மாற்றலாம். டிடிடியையே பெரிதும் நம்பிய உலக மலேரியா ஒழிப்புத் திட்டத்தை 1969-இல் கைவிட்டதில் நியாயம் உண்டு. அந்த முறையோடு சேர்த்துத் தேடலையும் ஆட்களையும் பணத்தையும் கைவிட்டதில் இல்லை.

காசநோயை 2025-க்குள் ஒழிப்போம் என்று 2018-இல் இந்தியா அறிவித்தது. 2015-இல் லட்சம் பேரில் 237 பேருக்கு வந்த நோய் 2023-இல் 195 பேருக்கு வந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்னும் இந்தியர். குறைந்திருக்கிறது, உண்மை, ஒழிப்பு என்று சொல்லக்கூடிய தூரத்தில் இல்லை என்பதும் உண்மை. இலக்காண்டு வந்து போகும் இந்தச் சமயம்தான் மிக ஆபத்தானது. தலைப்புச் செய்திகள் குறையும், புதிய இலக்கு வேறெங்கோ வைக்கப்படும். போலியோவுக்கு 2000 தவறியதும் கடையை மூடியிருந்தால் இன்று தமிழ்நாட்டுக் குழந்தைகளும் ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். 2024 டிசம்பரில் நோயாளிகளைத் தேடும் நூறு நாள் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். எக்ஸ்ரே கருவிகள் ஊர்களுக்குப் போயின, தேடாத இடங்களில் தேடினார்கள், பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் நூறாவது நாளில் கண்டறியப்பட்ட ஒருவருக்கு அன்றிலிருந்து 180 நாள் மருந்து இருக்கிறது. இயக்கத்தின் கணக்கு கண்டறிந்தவர்களின் எண்ணிக்கையோடு முடிந்துவிட்டால், அந்த 180 நாளுக்கு யார் பொறுப்பு என்பது எந்தத் தாளிலும் இராது. ஒவ்வொரு மாவட்டமும் எத்தனை பேரைக் கண்டுபிடித்தது என்று அறிவிப்பதோடு, ஆறு மாதம் முடித்தவர் எத்தனை பேர், மூன்றாம் மாதத்தில் காணாமற்போனவர் எத்தனை பேர், அவர்களைத் தேடி யார் போனார்கள் என்பதையும் பெயர் சொல்லாமல் எண்ணாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். போலியோவில் ‘எக்ஸ்’ வீடுகளை எண்ணியதுபோல.

இரண்டாம் முறை இலங்கை இப்படித்தான் கடைசிவரை தேடியது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் கொசுவலைகள் போய்ச் சேர்ந்தன. காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தைச் சோதிப்பது நிற்கவில்லை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. மலேரியாவைப் பரப்பும் கொசு இன்னும் அங்கே இருக்கிறது, மழையும் பொய்க்கத்தான் செய்கிறது. அதனால் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் காய்ச்சலோடு வந்து இறங்குகிறவர்களின் இரத்தத்தை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1963-க்குப் பின் தளரவிட்ட வேலை இது. நம்முடைய காசநோய் விதிமுறையிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஆறு மாதம் முடித்து, குணமானார் என்று எழுதியபின்னும், அடுத்த இரண்டாண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை அந்த மனிதரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மருந்து இல்லை, இருமல் இல்லை, நல்லபடியாக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். அவர் வீட்டுக் கதவை நான்காம் முறையாகத் தட்டுவதற்கு ஒரு பணியாளரும் அவர் போய்வரப் பேருந்துக் கட்டணமும் வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்க வேண்டும்.